இரண்டு மணிக்குத் தூக்க வேண்டும்

லிந்துலையிலிருந்து வருகிற பஸ் திரும்பிப் போகும் இடத்தில் இறங்கி, தேயிலை மலைகளுக்கு ஊடாக இன்னும் இரண்டு மைல் ஏறினால் எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவு வரும். வரிசை வீடுகளாக ஆறு லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பதினெட்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். எழுதத் தெரிந்தவன் என்பதால் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. அழகுமுத்துவைப் பற்றி நான் சொல்லப் போவதில் கொஞ்சம் அந்தக் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. மீதியை நான் எழுதி வைக்கவில்லை.

அழகுமுத்து தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். ஒல்லியான ஆள். சங்கத்துக்குத் தலைவர். யார் வீட்டில் உயிர் போனாலும் முதல் போன் அவருக்குத்தான். அவர் வந்து நின்றவுடன் அந்த வீட்டுக்காரர்களுக்கு மூச்சு வரும். கிராம சேவகரிடம் யார் போவது, மரண விசாரணை அதிகாரி எத்தனை மணிக்கு வருவார், எந்த மலர்ச்சாலையில் சவப்பெட்டி உடனே கிடைக்கும், பந்தலுக்குத் தகரம் எந்த லயத்தில் கிடக்கிறது, குழி வெட்டப் போகிற நாலு பேருக்குச் சாப்பாடு எங்கே சமைப்பது என்று எல்லாம் அவர் மனதுக்குள் இருந்தது. ரோட்டோரம் கட்டுகிற வெள்ளைக் கொடிகளைத் துவைத்து மடித்து அவர் வீட்டுப் பெட்டியிலேயே வைத்திருந்தார். சிங்களம் நன்றாகப் பேசுவார் என்பதால் ஆஸ்பத்திரியிலும் பொலிஸிலும் அவருக்கு வாசல் திறந்தது.

"அழுகுற வீட்ல அழாத ஆளு ஒருத்தன் வேணும் சேர்," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "எல்லாரும் அழுதா பெட்டிய யாரு தூக்குறது?"

எங்கள் மயானம் ஏழாம் நம்பர் மலைக்கு மேலே இருக்கிறது. கொழுந்து எடுக்கிறவர்கள் ஏறுகிற படிக்கட்டுப் பாதைதான் அதற்கும் பாதை. 2011-ஆம் ஆண்டு ஆடி மாதம் மூக்கன் என்ற கிழவரைத் தூக்கிப்போகும்போது மணி நாலரை ஆகிவிட்டது. பொகவந்தலாவையிலிருந்து வர வேண்டிய ஒரு மருமகனுக்காகக் காத்திருந்ததில் வந்த தாமதம். பனிமூட்டம் இறங்கி, முன்னால் போகிறவன் முதுகு பின்னால் வருகிறவனுக்குத் தெரியவில்லை. ஒருவன் கால் வழுக்கியது. பெட்டி தேயிலைச் செடிகளுக்கு மேலே சறுக்கிக்கொண்டு போய் வடிகால் கானுக்குள் விழுந்தது. மூடி தனியாக, மூக்கன் தனியாக. மூக்கனின் மகன் கானுக்குள் இறங்கி அப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியதை நான் பார்த்தேன். மறந்து போகிற காட்சி இல்லை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். அழகுமுத்துதான் பேசினார். அதற்குப் பிறகு யார் இறந்தாலும் ஒரு இரவுக்கு மேல் வீட்டில் வைக்கக் கூடாது, இரண்டு நாளுக்கு மேல் கடந்து வெளியூரிலிருந்து வருகிற உடலை வந்த அன்றே எடுத்துவிட வேண்டும், பிற்பகல் இரண்டு மணிக்குத் தூக்கிவிட வேண்டும், யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று தீர்மானம். எல்லோரும் கையுயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். அந்தத் தீர்மானத்தை எழுதியதும் நான்தான்.

சட்டம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு ஒரு பெட்டியும் விழவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஜீவராணியின் மகன் கிஷாந்த் கொழும்பில் செத்துப்போனான். ஐந்தாம் லயத்தில் தனியாக இருக்கிற பெண் ஜீவராணி. புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். கிஷாந்த் ஒரே பிள்ளை, பத்தொன்பது வயது, என்னிடம் படித்தவன். ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலைக்கு நின்றான். சாமான் ஏற்றுகிற தூக்கி இயந்திரம் கம்பி அறுந்து அவன் மேலே விழுந்தது. விசாரணை, பரிசோதனை என்று நாலு நாள் இழுத்து, மலர்ச்சாலை வண்டி லயத்து வாசலுக்கு வந்தபோது காலை பதினொரு மணி.

ஜீவராணி பெட்டியின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். ஒன்றரை மணிக்கு அழகுமுத்து போய்ப் பக்கத்தில் குந்தினார்.

"தங்கச்சி, நேரமாச்சு. சடங்கெல்லாம் முடிக்கணும்."

"அண்ணே, ஒரு ராத்திரி வச்சிருந்துட்டுத் தந்துர்றேன்," என்றாள். ஏதோ இரவல் கேட்பது போல. "ஏழு மாசமா வீட்ல படுக்கல அண்ணே அவன். ஒரே ஒரு ராத்திரி."

"அது முடியாதும்மா."

"உங்க காலப் புடிச்சிக் கேக்குறேன்."

அழகுமுத்து எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாலு நாளான பொணம்மா. வச்சிருக்க ஏலாது."

இரண்டு மணிக்குத் தூக்கினோம். பெண்கள் நாலு பேர் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் செய்தது சுகாதாரத்துக்கும் சரி, சட்டத்துக்கும் சரி. அன்று மாலை, மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தார். மறுநாள் வேலைக்குப் போனார். எத்தனையோ சாவுகளில் அதுவும் ஒன்று.

அவர் மனைவி சீதாலெட்சுமி வேறு மாதிரி. இவர் சவம் தூக்கிய வீட்டுக்கு மறுநாளிலிருந்து அவள் போவாள். கொழுந்து எடுத்து முடித்து வருகிற வழியில், கூடை இன்னும் முதுகில் தொங்க, போய் உட்காருவாள். பெரிதாக ஆறுதல் சொல்லத் தெரியாது. வெங்காயம் உரித்துக் கொடுப்பாள், பிள்ளைக்குத் தலை வாரிவிடுவாள், செத்தவன் என்ன சாப்பிடுவான், எப்படிக் கோபப்படுவான் என்று கேட்பாள். ஜீவராணி வீட்டுக்கு அப்படி ஒரு வருடம் போனாள். புருஷனுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் அவர் அதை ஒரு வேலையாக எடுத்திருக்க மாட்டார்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணிக் கொழுந்து நிறுக்கும்போது சீதாலெட்சுமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐம்பத்திரண்டு வயது. தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அழகுமுத்து ஆலையிலிருந்து ஓடி வந்து லொறியைப் பிடிக்க முடியாமல், பின்னால் முச்சக்கர வண்டியில் போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் போன் அடித்தது. சுதாகரன். சங்கத்தின் இளம் செயலாளர், முப்பது வயதுக்காரன், நல்ல பையன்தான்.

"அண்ணே, மனசு சரியில்லாம இருப்பீங்க. இருந்தாலும் கேக்குறேன். பந்தல் தகரம் எங்கண்ணே இருக்கு?"

"நாலாம் லயத்துக் கோடி வீட்டுக்குப் பின்னால," என்றார் அழகுமுத்து. "ஆணி வேணும்னா என் வீட்டு ஜன்னல் மேல தகர டின்ல இருக்கு."

அதோடு தொடங்கியது. பெட்டி எந்த அளவு அண்ணே, கொடி எங்க அண்ணே, குழி யார் பக்கத்துல வெட்டுறது அண்ணே, கோடித் துணிக்கு அண்ணியோட அண்ணங்களுக்கு யார் சொல்றது அண்ணே. ஒவ்வொருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கேட்டார்கள். ஆனால் கேட்டார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் இத்தனை வருடம் தானே பார்த்துவிட்டதற்கு அது பலன். மரண விசாரணை அதிகாரியிடம் மனைவியின் பெயரையும் வயதையும் அவரே சிங்களத்தில் சொன்னார். அதிகாரி பழக்கத்தில், "இறந்தவர் யார் வீட்டு ஆள், தலைவரே?" என்று கேட்டார். "எங்க வீட்டு ஆள்," என்றார்.

அவர்களுக்கு ஒரே மகள், பிரியந்தினி. ஜோர்தானில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. செய்தி கேட்டவுடன் மேற்பார்வையாளரிடம் அழுது கெஞ்சி, டிக்கெட் எடுத்துவிட்டாள். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கட்டுநாயக்கவில் இறங்குவேன், மத்தியானத்துக்குள் வீட்டில் இருப்பேன் என்று சொன்னாள். சீதாலெட்சுமியைப் புதன்கிழமை காலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒரு இரவு வைத்து வியாழன் இரண்டு மணிக்குத் தூக்குவது. கணக்கு சரியாக இருந்தது. அழகுமுத்துவுக்கும் அது ஒரு ஆறுதல். சட்டமும் கெடாது, பிள்ளையும் முகம் பார்ப்பாள்.

வியாழன் காலை, கொழும்பிலிருந்து வருகிற வழியில் கினிகத்தேனையில் மண் சரிந்தது. பெரிய சரிவில்லை, ஆனால் ரோட்டை மூடிவிட்டது. பிரியந்தினி வந்த வேன் வரிசையில் நின்றது. பத்து மணிக்குப் பேசினாள், பதினொன்றுக்குப் பேசினாள். ஒன்றே முக்காலுக்கு அழகுமுத்துவின் போன் அடித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா, ஒரு பக்கம் தொறந்துட்டாங்க. வேன் கிளம்பிருச்சு. நாலு மணிக்கெல்லாம் வந்துருவேன். அம்மாவ வச்சிருங்கப்பா. வாய்க்கரிசி நான் போடணும்."

"வாம்மா," என்றார் அவர்.

வாசலில் தப்பு அடிப்பவர்கள் எழுந்து நின்றார்கள். பெட்டி தூக்குகிறவர்கள் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார்கள். மலை உச்சியில் கொஞ்சம் மேகம் கூடியிருந்தது. சுதாகரன் வந்து, "மணி ரெண்டாகப் போகுதுண்ணே. என்னா செய்யலாம்?" என்று கேட்டான். வற்புறுத்தவில்லை, கேட்டான், அவ்வளவுதான். வயதான ஒரு அம்மா, "பொண்ணு வரட்டுமேப்பா, ஒத்தப் புள்ள," என்றாள். எல்லோரும் அழகுமுத்துவைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் தங்கள் ஆட்களைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர்கள். ஜீவராணி பெண்கள் பக்கத்தில் நின்றாள். அவர்கள் முகங்களில் அவர் என்ன பார்த்தாரோ தெரியாது.

கடிகாரத்தைப் பார்த்தார். "தூக்குங்க," என்றார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்டத்தை எழுதினவன் நான். ஒரு தடவை அதை மறந்துவிடலாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளிக் குடத்தை அவரே தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். குடத்தோடு நடந்துகொண்டே பின்னால் பார்க்காமல், "இடப்பக்கம் சரிக்காதீங்க, அங்க ஒரு கல்லு ஆடும்," என்று சொல்லிக்கொண்டு போனார். மனைவியைக் குழிக்குள் இறக்கும்போதும் கயிற்றை எவ்வளவு விட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். மூன்றேகால் மணிக்கு எல்லாம் முடிந்தது.

அன்றைக்கு மூட்டம் இறங்கவே இல்லை. உச்சியில் கூடிய மேகம் மறுபக்கமாகப் போய்விட்டது. மண் மூடி, சாம்பிராணி போட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கத் தொடங்கும்போது நல்ல வெயில். தேயிலை பளபளவென்று இருந்தது. கீழே லயத்துக் கூரைகளில் நிற்கிற கோழிகூடத் தெரிந்தது.

பாதி வழியில், பாறை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு நாங்கள் இளைப்பாறினோம். அங்கேதான் பிரியந்தினி மேலே ஏறி வந்தாள். ஜீன்ஸ், சப்பாத்து, கையில் விமானச் சீட்டு ஒட்டிய சின்னப் பை. அவளுக்குப் பின்னால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஜீவராணி. பெண்கள் மயானத்துக்கு வருவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. யாரும் தடுக்கவில்லை.

"அம்மா எங்கப்பா?"

"முடிஞ்சிருச்சும்மா," என்றார் அழகுமுத்து.

"முடிஞ்சிருச்சா?"

"நேரம்… மூட்டம் வந்துருச்சுன்னா…"

பிரியந்தினி அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"நான் வந்துக்கிட்டுத்தானப்பா இருந்தேன். போன்ல சொன்னேன்ல."

"பொதுச் சட்டம்மா. நம்மளுக்குன்னு மாத்துனா நாளைக்கு எவனாவது கேப்பான்."

"கேக்கட்டுமே," என்றாள் அவள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. பிறகு எங்களைத் தாண்டி மேலே போனாள். ஜீவராணியும் போனாள்.

சவம் அடக்கிவிட்டு இறங்குகிறவர்கள் திரும்பி மேலே பார்க்கக் கூடாது. அழகுமுத்து பார்க்கவில்லை. பாறைப் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். மேலேயிருந்து மகள் கத்தி அழுகிற சத்தம் வந்தபோதும் அப்படியே நின்றார். நாங்கள் இறங்கிவிட்டோம். அவர் எப்போது இறங்கினார் என்று எனக்குத் தெரியாது.

பதினாறு நாளும் பிரியந்தினி ஐந்தாம் லயத்தில், ஜீவராணி வீட்டில் படுத்தாள். காலையில் வந்து அப்பாவுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போவாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள். சண்டை போடவில்லை. காரியம் முடிந்த மறுநாள் ஜோர்தானுக்குத் திரும்பினாள். போகும்போது, "அரிசி பழைய ட்ரம்ல இருக்கு. காஸ் அடுப்ப மூடிட்டுப் படுங்க," என்றாள். அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு போன் எடுக்கவில்லை. இவர் கூப்பிட்டால் அடித்துக்கொண்டே இருக்கும்.

அவருடைய மற்றக் கஷ்டம் அப்போதுதான் தொடங்கியது. முதல் கிழமை ஏழு நாளும் ஆட்கள் வந்தார்கள். பிறகு நின்றுவிட்டார்கள். துக்கம் நடந்த வீட்டுக்கு மறுநாளிலிருந்து போய் உட்காருகிற பழக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது, செத்தது அவள்.

மாலையில் வேலை முடிந்து வந்து தனியாக உட்கார முடியாமல் அழகுமுத்து வெளியே கிளம்புவார். தான் தூக்கிவிட்ட வீடுகளுக்குப் போவோம், அவர்களுக்கும் இந்த வலி தெரியும், ஏதாவது பேசலாம் என்று நினைப்பார். கதவைத் தட்டுவார். திறந்தவர்களின் முகம் வெளுத்துவிடும்.

"என்னாண்ணே? யாரு?"

"யாரும் இல்ல. சும்மா வந்தேன்."

"நெஞ்சே நின்னுருச்சுண்ணே. உங்கள வாசல்ல கண்டா…" என்று சிரிப்பார்கள். ஒரு தேத்தண்ணீர் கொடுப்பார்கள். அவர் குடித்து முடிக்கும்வரை டீவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு வீட்டில் அப்படி ஆனது. ஐந்தாவது வீட்டுக்கு அவர் போகவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார். என் வீட்டுக்கு வரலாமே என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் ஒரு தடவை மட்டும் வந்தார்.

இடையில் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. குடும்பத்தில் ஆட்களை இழந்தவர்களுக்கு உளவளத் துணை என்று கோயில் மண்டபத்தில் பதாகை கட்டினார்கள். இருபது பேரை வட்டமாக உட்கார வைத்தார்கள். அழகுமுத்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். உண்மையிலேயே ஏதோ கிடைக்கும் என்று நம்பித்தான் போனார். வந்திருந்த பெண் அன்பாகப் பேசினாள். உங்கள் துக்கத்துக்கு ஒரு நிறம் கொடுத்தால் என்ன நிறம் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். அழகுமுத்துவின் முறை வந்தபோது, "வெயில் நெறம்," என்றார். "அருமை," என்று எழுதிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கேக் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த மாதம் வருவோம் என்றார்கள். வரவில்லை.

இந்த வருடம் தை மாதம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அழகுமுத்து எழுந்து, இரண்டு மணிச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்றார். பெற்றவர்கள், பெற்ற பிள்ளைகள், கட்டினவர்கள் வழியில் இருந்தால் காத்திருக்க வேண்டும். இருட்டிவிட்டால் மறுநாள் காலையில் தூக்கலாம். அவர் பேசி நான் கேட்டதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

பிறகு சுதாகரன், "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க," என்று தொடங்கினான். "நீங்க வச்ச சட்டத்துலதான் நம்ம சங்கம் ஒழுங்கா நடக்குது. எத்தனையோ பேருக்கு நீங்க மாத்தல. இப்ப உங்க வீட்ல நடந்ததும் மாத்தணும்னா, வெளிய என்னா சொல்லுவாங்க?"

"என்னா வேணா சொல்லட்டும் தம்பி. தப்புன்னு எனக்கு இப்பதான் தெரியுது."

"மூக்கன் தாத்தா கதி மறந்துருச்சாண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

அழகுமுத்து பெண்கள் பக்கம் திரும்பினார். "ஜீவராணி சொல்லட்டும்," என்றார். "தங்கச்சி, நீ சொல்லு. உனக்குத் தெரியும்."

ஜீவராணி எழுந்து நின்றாள். கூட்டங்களில் பேசாதவள்.

"சட்டம் இருக்கட்டும்," என்றாள். "எனக்குக் குடுக்காதத வேற யாருக்கு எதுக்குக் குடுக்கணும்?"

உட்கார்ந்துவிட்டாள். கையுயர்த்தச் சொன்னார்கள். மாற்றத்துக்கு ஆதரவாக ஆறு கை. அதில் ஒன்று என்னுடையது. பத்து வருடத்துக்கும் மேல் பிந்திய கை.

மறுநாள் மாலை அழகுமுத்து ஐந்தாம் லயத்துக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். தனியாகப் போகப் பயம் என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. ஜீவராணி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டார்.

"என் புள்ளையப் பொணம்னு சொன்னீங்க."

அழகுமுத்து விழித்தார். "நானா?"

அவருக்கு ஞாபகமே இல்லை. அது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது, அவளும் பார்த்தாள். நினைவிருந்து மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட அவள் கொஞ்சம் இறங்கியிருப்பாளோ என்னவோ.

"பேரு சொல்லியிருக்கலாம்," என்றாள். "கிஷாந்த்துன்னு. உங்க மடியில இருந்து முறுக்குத் தின்னவன்தான. ஆறு வருசமா அந்த ஒரு சொல்லு என் காதுல கெடக்கு. சீதாக்காகிட்ட சொல்லி அழுதேன். அக்கா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

"சொல்லியும் என்னாகப் போகுதுன்னு விட்டுருக்கும்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்புத்தாம்மா. என்னை மன்னிச்சிரு."

"வந்து கேட்டீங்க, சரி," என்றாள் ஜீவராணி. "என்னால ஏலாதுண்ணே. பொய் சொல்ல மாட்டேன்."

விறகை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். அப்போதுதான் அவர் கேட்டார், வந்ததே அதற்காகத்தான் போல.

"பிரியந்தினி உன்கிட்ட பேசுதா?"

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பேசும். அன்னிக்குத்தான் அதுக்கு லீவு."

"என்னைப் பத்தி எதாவது கேட்டுச்சா?"

ஜீவராணி யோசித்தாள். நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடுகிறாளோ என்று நான் நினைத்தேன். "இல்லண்ணே," என்றாள்.

சங்கத் தலைவர் பதவியை அழகுமுத்து அடுத்த மாதமே விட்டுவிட்டார். கொடிகளையும் ஆணி டின்னையும் சுதாகரன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். இப்போது சாவு விழுந்தால் மற்றவர்களைப் போல வந்து, வாங்குப் பலகையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். சுதாகரன் கடிகாரம் பார்த்து வேலை செய்கிறான், நன்றாகவே செய்கிறான்.

போன வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி இருக்கும். பிள்ளைகளின் பாடக் கொப்பிகளைத் திருத்திவிட்டு ஐந்தாம் லயத்து வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பீலிக்குப் பக்கத்தில் அழகுமுத்து ஒரு வாளியோடு நின்றார். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவருடைய லயத்துக்கு வேறு பீலி இருக்கிறது. இங்கே வந்து தண்ணீர் பிடிக்க வேண்டியதில்லை. என்னைப் பார்த்ததும் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஜீவராணி அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் பக்கத்தில் ஒரு மணைக்கட்டையில் சாய்த்து வைத்திருந்தது. சத்தம் முழுதாகக் கூட்டியிருந்தது. அவர் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். உள்ளே எழுந்து போகவும் இல்லை, வாருங்கள் என்று கூப்பிடவும் இல்லை. கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

போனில் பிரியந்தினி ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது நெடுநாளைக்குப் பிறகு. தொழிற்சாலையில் புதிதாக வந்த ஒருத்தி ஊசியைத் தலைகீழாகப் போட்ட கதை. ஜீவராணியும் சிரித்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"சாப்ட்டேம்மா," என்றது போன். "நீங்க சாப்ட்டீங்களாம்மா?"

அழகுமுத்து குனிந்து பீலிக்குக் கீழே இருந்த வாளியை நகர்த்தினார், தண்ணீர்ச் சத்தம் குறைவதற்காக.